தோன்றா எழுவாய்: வீட்டுக்குறிப்புகளை வாசித்தல்

பழைய புடவையைத் தூக்கி எறியாதீர்கள். நான்காக மடித்து ஓரம் தைத்தால் அழகான மிதியடி தயாராகிவிடும். கடையில் வாங்கும் பணம் மிச்சமாகும்.

இப்படி ஒரு குறிப்பைப் படிக்காமல் வளர்ந்த பெண்கள் நம்மில் குறைவு. எந்த இதழில் வந்தது என்று தேட வேண்டியதில்லை. நினைவில் படிந்திருக்கும் வாய்பாட்டிலிருந்து நானே எழுதியது இது. புடவைக்குப் பதில் ஹார்லிக்ஸ் பாட்டிலையும் மிதியடிக்குப் பதில் பருப்பு டப்பாவையும் போட்டுக்கொண்டால் இன்னொரு குறிப்பு கிடைத்துவிடும். பெண்கள் இதழ்களில் பல ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கும் 'வீட்டுக்குறிப்பு'ப் பக்கங்கள் இப்படித்தான் பெருகின.

கவிதையையும் சிறுகதையையும் வரி வரியாக ஆராயும் நாம் இந்தப் பக்கங்களை எழுத்தாகக் கருதுவதில்லை. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். எங்கள் தெருவில் நாவல் படித்த பெண்கள் நான்கைந்து பேர்தான் இருந்தார்கள். குறிப்பு படித்தவர்கள் தெரு முழுக்க இருந்தார்கள். தாமே எழுதி அனுப்பி, பெயர் அச்சில் வந்ததைப் பார்த்து மகிழ்ந்தவர்களும் இருந்தார்கள். பெண்கள் எழுதி, பெண்கள் படித்து, பெண்களே பாதுகாத்து வைத்த ஓர் எழுத்துவகையை விமர்சனம் தொடாமல் விட்டதற்கு, அது சமையலறையைச் சேர்ந்தது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

அம்பத்தூரில் ஒரகடம் பக்கம் நாங்கள் குடியிருந்தோம். அப்பா எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் டர்னர். அம்மாவிடம் ஒரு நோட்டு இருந்தது. நான் ஐந்தாம் வகுப்பில் பாதி எழுதி விட்டுவைத்த அறிவியல் நோட்டு அது. இரவல் வாங்கிய இதழ்களில் வந்த குறிப்புகளை அதில் கையால் எழுதிக்கொண்டார். மளிகைக் கடையில் பொட்டலம் கட்டித் தந்த தாளில் குறிப்பு வந்திருந்தால், அதைக் கத்தரித்துச் சோற்றுப் பசையால் ஒட்டினார். பழைய பொருளை மறுபடி பயன்படுத்துவது பற்றிய அந்த நோட்டில் தாள், பசை, நோட்டு எல்லாமே மறுபடி பயன்பட்டவை.

பல ஆண்டுகள் கழித்து, பூந்தமல்லி நெடுஞ்சாலையோரம் நான் பாடம் நடத்தும் கல்லூரியில், பெண்ணெழுத்து பற்றிய வகுப்புக்கு அந்த நோட்டை எடுத்துப் போனேன். முதலில் கொடுத்ததைப் போன்ற ஒரு குறிப்பைப் பலகையில் எழுதி, "எழுவாய் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்" என்றேன்.

'எறியாதீர்கள்' என்பது முன்னிலைப் பன்மை. யாரைப் பார்த்துச் சொல்லப்படுகிறது என்பதற்கு இதழின் அட்டையே சாட்சி. இரண்டாம் வாக்கியத்தில் 'மடித்து', 'தைத்தால்' என்று எச்சங்கள் வருகின்றன. மடிப்பவரும் தைப்பவரும் வாக்கியத்தில் இல்லை. எழுவாயாக நிற்பது மிதியடி; அது தானே தயாராகிவிடுகிறது. மூன்றாம் வாக்கியத்துக்கு எழுவாய் பணம். 'மிச்சமாகும்' என்பது செயப்படுபொருள் குன்றிய வினை. மழை பெய்வதுபோல, பூ பூப்பதுபோலப் பணம் மிச்சமாகிறது. யாரும் அதை மிச்சப்படுத்தவில்லை.

நம் இலக்கணத்தில் தோன்றா எழுவாய் என்று ஒன்று உண்டு. 'வந்தேன்' என்றால் 'நான்' என்று சொல்லாமலே புரியும். வினையின் விகுதி ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். வீட்டுக்குறிப்புகளில் அதிகம் புழங்கும் 'தைக்கலாம்', 'பயன்படுத்தலாம்' போன்ற வினைகளில் அந்த விகுதியும் கிடையாது. ஆணா பெண்ணா, ஒருவரா பலரா, எதுவும் தெரியாது. செய்பவளை முழுவதுமாக மறைத்துவிடக்கூடிய வினை வடிவம் அது.

இந்த மறைவிலிருந்து மூன்று கேள்விகள் எழுகின்றன. யார் செய்கிறார்? எவ்வளவு நேரம் செய்கிறார்? மிச்சமான பணம் யார் கைக்குப் போகிறது? வீட்டுக்குறிப்பு இந்த மூன்றையும் கேட்பதில்லை. அதன் இடத்தில் நாம் கேட்டுப் பார்க்கலாம்.

*

சிக்கனத்தைப் பெண்ணின் குணமாக்கியது பத்திரிகைகள் அல்ல. திருக்குறளின் 'வாழ்க்கைத் துணைநலம்' அதிகாரம் முதல் குறளிலேயே, இல்லறத்துக்கு ஏற்ற பண்புகளோடு கணவனின் வளத்துக்குத் தக்கபடி வாழ்பவளே வாழ்க்கைத் துணை என்கிறது. வருவாயின் அளவை அறிந்து அதற்கு இசையச் செலவிடுவது என்று பரிமேலழகர் அதை விளக்குகிறார். இதில் உள்ள ஏற்பாட்டைக் கவனியுங்கள். வளம் அவனுடையது, வளத்துக்குள் வாழ்க்கையை அடக்கிக் காட்டும் திறமை அவளுடையது. வருமானம் பற்றாவிட்டால் அது வருமானத்தின் குறையாகாமல் அவளது திறமையின் குறையாகிவிடும். 'அவ கையில காசு நிக்காது' என்று நம் வீடுகளில் மருமகள்களைச் சொல்வதற்கும் இதற்கும் இடையே தூரம் அதிகமில்லை.

இன்னொரு பழைய பாட்டு இதே விஷயத்தை வேறு பக்கத்திலிருந்து காட்டுகிறது. நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில், நல்லியக்கோடனிடம் பரிசு பெறும் முன் பாணனின் வீடு எப்படி இருந்தது என்று ஒரு காட்சி வருகிறது. அடுப்படியில் குட்டி போட்ட நாய் கிடக்கிறது. சுவரில் காளான் பூத்திருக்கிறது. பசியால் மெலிந்த கிணைமகள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள். புறம்பேசுகிறவர்கள் பார்த்துவிடக் கூடாது என்று நாணி, கதவை அடைத்துவிட்டுத் தன் பெரிய சுற்றத்தோடு அதைப் பகிர்ந்து உண்கிறாள்.

எறிந்த இடத்தில் முளைத்ததை உணவாக்குவது. உள்ளதைக் கொண்டு பலருக்குப் பரிமாறுவது. வீட்டுக்குறிப்பு எழுதுபவருக்குக் கிடைத்தால் 'குப்பைக்கீரையில் சத்தான பொரியல்' என்று தலைப்பிட்டு வெளியிடலாம். குறிப்பில் வராமல் போவது அந்த அடைத்த கதவு. தேர்வு இருக்கிறவர் செய்தால் மறுபயன்பாடு கைத்திறனாகிறது. தேர்வு இல்லாதவர் செய்தால் அதே செயல் அவமானமாகிறது. நல்ல புடவையை வெட்டிக் கைப்பை தைத்துக்கொண்டு விழாவுக்குப் போகும் பெண்ணை எல்லோரும் பாராட்டுகிறோம். கிழிந்த புடவையை ஒட்டுப்போட்டுக் கட்டிக்கொண்டு வரும் வீட்டுவேலைப் பெண்ணுக்கு அந்தப் பாராட்டு கிடைப்பதில்லை. இருவர் கையிலும் இருப்பது ஊசிதான்.

*

எங்கள் வீட்டில் ஒரு நூல் புடவையின் வாழ்க்கை இப்படிப் போகும். முதலில் வெளியே கட்டும் புடவை. சாயம் போனதும் வீட்டில் கட்டுவது. முந்தானை நைந்ததும் குழந்தைக்குத் தூளி. பிறகு இரண்டு மூன்று சேர்த்துத் தைத்துப் போர்வை. அதுவும் கிழிந்தால் நல்ல பகுதியில் தலையணை உறை, மீதியில் அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் கரித்துணி, மிதியடி, கடைசியில் தரை துடைக்கும் துணி. சில புடவைகள் பாதியிலேயே தெருவில் பாத்திரம் சுமந்து வரும் பெண்ணிடம் போய்ப் பிளாஸ்டிக் குடமாகத் திரும்பி வரும். சீப்பில் உதிர்ந்த சிக்கு முடியைக்கூடச் சுவர்ப் பொந்தில் சேர்த்துவைத்து, முடிக்காரரிடம் கொடுத்து ஒரு சின்னக் கிண்ணம் வாங்குவார் அம்மா. பால் கவரைக் கழுவி ஜன்னல் கம்பியில் காயவைத்து, கிலோ சேர்ந்ததும் பழைய பேப்பர் கடையில் போடுவார். அப்பாவின் கம்பெனிக் காக்கி பேன்ட் முழங்காலில் தேய்ந்ததும் மார்க்கெட் பையாக மாறும். பத்துக் கிலோ அரிசி வாங்கினாலும் அந்தப் பை கிழியாது.

இவையெல்லாம் நோட்டில் இருந்தன. பழைய புடவையின் ஒரு பயன் மட்டும் நோட்டிலும் இல்லை, நான் பார்த்த எந்த இதழின் குறிப்புப் பக்கத்திலும் இல்லை. அது மாதவிடாய்த் துணி. எங்கள் வயதுப் பெண்களில் பலர் வீட்டில் பழைய புடவை மிக அதிகமாகப் பயன்பட்டது இதற்குத்தான். மிக அதிகமாகப் பணத்தை மிச்சப்படுத்தியதும் இதுதான். துவைத்த துணியை வெயிலில் போட முடியாமல், பாவாடைக்கு அடியில் மறைத்து, ஈரம் காயாமலே மறுபடி எடுத்து வைத்துக்கொண்ட நாட்களை மறந்துவிட முடியாது. வீட்டுக்குள் பெண்கள் செய்த சிக்கனத்தில் எது சொல்லத்தக்கது, எது சொல்லத்தகாதது என்று ஒரு தணிக்கை இருந்தது. மிதியடி அச்சேறியது. இந்தத் துணி அச்சேறவில்லை. கிணைமகள் அடைத்த கதவு நாங்கள் பாவாடையால் மூடிய கொடியிலும் இருந்தது.

கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம் 1998-இல், திருமணமான புதிதில், தன் மனைவி கந்தல் துணியை மறைத்து எடுத்துப் போவதைக் கண்டதும், அதிலிருந்து மலிவு விலையில் நாப்கின் செய்யும் இயந்திரத்தை உருவாக்கியதும் ஊரறிந்த கதை. 2016-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர் கதை திரைப்படமானது. அவரது உழைப்பு பெரியது, ஐயமில்லை. ஆனால் அந்தக் கதையின் தொடக்கத்தில் அவர் மனைவி சொன்னதாக வரும் பதிலைக் கவனியுங்கள். கடை நாப்கின் வாங்கினால் வீட்டுப் பால் செலவைக் குறைக்க வேண்டியிருக்கும் என்பது அவர் சொன்னதன் பொருள். குடும்பக் கணக்கை மனத்துக்குள் போட்டுப் பார்த்து, குறைக்க வேண்டியது தன் உடலுக்கான செலவு என்று முடிவெடுத்தவர் அவர். கண்டுபிடிப்பின் கதையில் அந்தக் கணக்கு ஒரு முன்னுரையாகச் சுருங்கிவிட்டது. 'பணம் மிச்சமாகும்' என்ற வாக்கியம் ஒரு பெண்ணின் உடல்மீது எப்படி எழுதப்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

தமிழ்நாட்டில் 2012-இல் தொடங்கிய 'புதுயுகம்' திட்டம் வளரிளம் பெண்களுக்கு இலவச நாப்கின் தந்தது. 2017-இல் நாப்கினுக்கு 12 சதவீதம் ஜிஎஸ்டி விதிக்கப்பட்டு, எதிர்ப்புக்குப் பிறகு 2018 ஜூலையில் நீக்கப்பட்டது. இப்போது மறுபடி துவைத்துப் பயன்படுத்தும் துணி நாப்கின்கள் சூழலுக்கு உகந்தவை என்று நல்ல விலைக்கு விற்கப்படுகின்றன. அவை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். துவைக்கத் தண்ணீரும் காயவைக்க வெயில்படும் இடமும் உள்ள பெண்ணுக்கு அது நல்ல தேர்வு. ஒண்டுக்குடித்தனத்தில் ஒரே குழாயடியில் எட்டு வீடு இருக்கும் பெண்ணுக்கு அது தேர்வே அல்ல.

*

தண்ணீர் என்றதும் 2019 கோடை நினைவுக்கு வருகிறது. அப்போது நான் திருமுல்லைவாயிலில் ஓர் அடுக்ககத்தில் இருந்தேன். சென்னைக்கு நீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வற்றிப்போயிருந்தன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீருடன் 50 வேகன் ரயில் ஒன்று புறப்பட்டு, எங்கள் ஆவடியையும் அம்பத்தூரையும் கடந்து வில்லிவாக்கத்தில் போய் நின்றது. மாலை போட்டு வரவேற்றார்கள். நாங்கள் லாரிக்குக் குடம் வரிசை வைத்துக் காத்திருந்தோம்.

அந்தக் கோடையில் மறுபயன்பாடு பற்றி எல்லோரும் பேசினார்கள். அரிசி களைந்த நீரில் காய் கழுவுங்கள். காய் கழுவிய நீரில் பாத்திரத்தை முதல் அலசு அலசுங்கள். வாஷிங் மெஷின் நீரைக் கழிவறைக்குப் பிடித்து வையுங்கள். ஆர்ஓ இயந்திரம் தள்ளும் நீரில் தரை துடையுங்கள். ஏசி நீரைச் செடிக்கு ஊற்றுங்கள். எல்லாமே சரியான யோசனைகள், நானும் செய்தேன். ஆனால் 15 லிட்டர் வாளி 15 கிலோ எடை. வாஷிங் மெஷின் ஒருமுறை ஓடினால் நான்கைந்து வாளி. குழாயைத் திறந்தால் தானே ஓடிப்போகும் தண்ணீர், மறுபயன்பாட்டில் ஒருவர் கையால் நடந்துபோகிறது. எங்கள் அடுக்ககத்தில் அந்தக் கையில் பெரும்பாலும் வளையல் இருந்தது. அடுக்ககச் சங்கத்தில் தண்ணீர்ச் சிக்கனம் பற்றித் தீர்மானம் போட்டவர்கள் எல்லோரும் ஆண்கள். மாலை ஏழு மணிக்கு அந்தக் கூட்டம் நடந்தபோது பெண்கள் வாளி தூக்கிக்கொண்டிருந்தோம்.

2024-இல் எடுக்கப்பட்ட தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார். ஈடுபடும் ஆண் 88 நிமிடம். ஐந்தாண்டு முன்பு, 2019 கணக்கெடுப்பில் இவை 299, 97. பெண்ணுக்குப் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது. ஆணுக்கு ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது. இடைவெளி அப்படியே இருக்கிறது.

ஒரு மிதியடி தைக்கக் கை தேர்ந்தவருக்கே ஒரு மணி நேரமாவது ஆகும். ஆவடியில் படைவீரர்களுக்குச் சீருடை தைக்கும் ராணுவ ஆடைத் தொழிற்சாலை இருக்கிறது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏற்றுமதி ஆடை நிறுவனங்கள் இருக்கின்றன. அங்கே ஒரு மணி நேரத் தையலுக்கு ஒரு விலை உண்டு. குறைந்த விலைதான், ஆனாலும் விலை. மாலையில் அதே பெண் வீட்டுக்கு வந்து பழைய புடவையை மடித்துத் தைக்கும்போது அவளது மணி நேரத்தின் விலை பூஜ்யமாகிவிடுகிறது. மிதியடியால் பணம் மிச்சமாகிறது என்று சொல்லும்போது, அவளது நேரத்துக்கு விலையில்லை என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுதான் கணக்கைத் தொடங்குகிறோம்.

*

இனி மூன்றாம் கேள்வி. மிச்சம் யார் கைக்குப் போகிறது?

தமிழில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது: சிறுவாடு. வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்துப் பெண் தனக்கென்று சேர்த்துவைக்கும் பணம். அஞ்சறைப் பெட்டியின் அடியில், அரிசிப் பானைக்குள், புடவை மடிப்பில் அது வாழும். சேர்த்தவளுக்கு மட்டுமே தெரியும் என்பதுதான் அதன் பாதுகாப்பு. 'மிச்சமாகும்' என்ற வினைக்குள் மறைந்து கிடந்த எழுவாய் தனக்கென்று வைத்துக்கொண்ட ஒரே இடம் அது.

2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு வந்தபோது, நாடு முழுதும் பெண்களின் சிறுவாடு வெளியே வர வேண்டியதாயிற்று. டிசம்பர் 30-க்குள் வங்கியில் கட்ட வேண்டும். இல்லத்தரசிகள் போன்றோர் இரண்டரை லட்சம் ரூபாய் வரை செலுத்தினால் வருமான வரித்துறை விசாரிக்காது என்று அரசு சொன்னது. ஆனால் பெண்கள் அஞ்சியது வருமான வரித்துறைக்கு அல்ல.

என் அம்மா துவரம்பருப்பு வைத்திருந்த ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கவிழ்த்தார். அடியில் பிளாஸ்டிக் உறையில் சுருட்டிய நோட்டுகள் இருந்தன. இருபத்து மூவாயிரத்து ஐநூறு ரூபாய். பால் கவர், சிக்கு முடி, காக்கிப் பை, வாங்காத மிதியடிகள் எல்லாம் சேர்ந்து இருபது ஆண்டுகளில் ஆன தொகை. அவர் பெயரில் தனிக் கணக்கு இல்லை. அப்பாவின் கணக்கில் போடுவதைத் தவிர வழியில்லை. அப்பா கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்தார். "பரவால்லையே, இவ்ளோ சேத்துட்டியா? நம்ம காசுதானே, இருக்கட்டும்" என்றார். அந்த 'நம்ம' என்ற சொல் எவ்வளவு அன்பானது, எவ்வளவு பெரியது என்று அன்றைக்குத்தான் கவனித்தேன். ஒரு நொடியில் அம்மாவின் இருபது ஆண்டுகள் அதற்குள் போய்விட்டன. மறுவாரம் வீட்டு மோட்டார் பழுதானபோது அதிலிருந்துதான் எடுத்தார்கள். அது வேண்டிய செலவுதான். ஆனால் அம்மாவை யாரும் கேட்கவில்லை.

அம்பையின் 'சிறகுகள் முறியும்' கதையில் கருமியான கணவனோடு வாழும் சாயாவை நம் மாணவிகள் எளிதில் புரிந்துகொள்கிறார்கள். அங்கே கஞ்சத்தனம் கொடுமையாகக் கண்ணுக்குத் தெரிகிறது. நல்ல கணவனின் வீட்டில், அன்பான ஒரு 'நம்ம'வுக்குள் இதே கேள்வி எழும்போதுதான் சிரமம். என் அப்பா நல்லவர். இந்தக் கட்டுரைக்கு அவர் நல்லவராக இருப்பது அவசியம்.

*

பழையதை ஒட்டிப் புதியது செய்யும் பெண்கள் உலகெங்கும் இருந்திருக்கிறார்கள். அமெரிக்கக் கறுப்பினப் பெண் எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் 1973-இல் எழுதிய 'எவ்ரிடே யூஸ்' சிறுகதையில் இரண்டு ஒட்டுத்துணிப் போர்வைகள் வருகின்றன. பாட்டியின் உடைத் துண்டுகள், மூதாதை ஒருவரின் போர்ச் சீருடையிலிருந்து ஒரு துண்டு எல்லாம் சேர்த்துத் தைத்தவை. நகரத்தில் படித்த மூத்த மகள் அவற்றைச் சுவரில் மாட்டிவைக்கக் கேட்கிறாள். கிராமத்திலேயே இருக்கும் இளைய மகள் தன் திருமணத்துக்குப் பின் அவற்றைப் போர்த்திக்கொள்வாள். தானே புதிதாகத் தைக்கவும் அவளுக்குத் தெரியும். தாய் போர்வைகளை இளையவளிடம் கொடுத்துவிடுகிறாள். வகுப்பில் இதை நடத்தும்போது, நான் அந்த மூத்த மகளின் இடத்தில் நின்றுகொண்டுதான் நடத்துகிறேன் என்ற உறுத்தல் எனக்கு எப்போதும் உண்டு. அம்மாவின் நோட்டை வகுப்பில் காட்சிக்கு வைத்தவள் நான்தானே?

கதைக்கு வெளியேயும் இது நடந்தது. அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூரின் கறுப்பினப் பெண்கள், தேய்ந்த வேலை உடுப்புகளை வெட்டிக் குளிருக்காகத் தைத்த போர்வைகள் 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் பின்னர் நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்திலும் காட்சிக்கு வந்தன. நவீன ஓவியங்களுக்கு இணையானவை என்று விமர்சகர்கள் வியந்தார்கள். 2006-இல் அவை அஞ்சல் தலைகளில் இடம்பெற்றன. 2007-இல் அந்தப் பெண்களில் சிலர், தங்கள் வேலையால் வந்த பணத்தில் உரிய பங்கு தங்களுக்குக் கிடைக்கவில்லை என்று வழக்குத் தொடுத்தார்கள்; வழக்கு சமரசத்தில் முடிந்தது. கந்தல் துணி கலையாகிவிட்ட பிறகும் அதே கேள்வி மிஞ்சியது: மிச்சம் யார் கைக்குப் போகிறது? அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது போர்வையின் அழகை மட்டுமல்ல; வழக்குத் தொடுத்த துணிவையும்தான்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. கோயம்பேடு சந்தையில் பத்து ரூபாய் போட்டால் துணிப்பை தரும் இயந்திரமும் வந்தது. நான் இதை மனமார வரவேற்கிறேன். ஒரு காலத்தில் பட்டிக்காட்டான் என்று கேலி செய்யப்பட்ட பைக்கு மரியாதை திரும்பியிருக்கிறது. ஆனால் வீட்டிலிருந்து பையை மறக்காமல் எடுத்துத் தருவது, மீன் வாடை போகத் துவைப்பது, கிழிந்தால் தைப்பது என்ற வேலைகளும் அதோடு திரும்பி வந்திருக்கின்றன. பூமியைக் காக்கும் பொறுப்பு வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்ததும் பெண்ணின் பொறுப்பாக மாறிவிடக் கூடாது. பையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள ஆண்களுக்கும் கற்றுத்தரலாம்; கடினமான கலையல்ல.

2023 செப்டம்பர் 15 முதல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகையாக மாதம் ஆயிரம் ரூபாய், ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் சொந்த வங்கிக் கணக்குக்குப் போகிறது. தொகை சிறியது, தகுதி விதிகளால் விடுபட்டவர்களும் உண்டு. அதன் பெயரில் 'உதவி' என்று இல்லாமல் 'உரிமை' என்று இருப்பதையும், பணம் அவள் பெயரிலேயே வருவதையும் நான் முக்கியமாகக் கருதுகிறேன். பருப்பு பாட்டிலுக்கு அடியில் ஒளிக்க வேண்டிய தேவை அந்த ஆயிரத்துக்கு இல்லை. வாக்கியத்தில் எழுவாய் ஒருமுறையேனும் வெளியே வந்திருக்கிறது.

*

சிக்கனத்தைக் கைவிடச் சொல்வது என் நோக்கமல்ல. எறிவதற்கு முன் இதை வேறு என்ன செய்யலாம் என்று யோசிக்கும் பழக்கம் ஓர் அறிவு. நம் தாய்மார்கள் அதைப் பள்ளி இல்லாமல் கற்று, நூல் இல்லாமல் கற்பித்தார்கள். அந்த அறிவைக் காப்பாற்ற வேண்டுமானால் அதை அறிந்தவரின் பெயர், நேரம், பணம் மூன்றையும் சேர்த்துக் காப்பாற்ற வேண்டும்.

வகுப்பில் ஒரு பயிற்சி கொடுத்தேன். உங்கள் வீட்டில் நடக்கும் ஒரு மறுபயன்பாட்டை, எழுவாய் வெளிப்படையாக வரும்படி எழுதுங்கள் என்றேன். ஒரு மாணவி எழுதினாள்: "என் அம்மா ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பனியன் வேஸ்ட்டில் மிதியடி தைத்தார். அவர் நூற்றிருபது ரூபாய் மிச்சப்படுத்தினார். அந்தப் பணத்தை அவர்..." அதற்கு மேல் எழுதாமல் நிறுத்தியிருந்தாள். "தெரியல மேம், கேட்டதே இல்ல" என்றாள். வீட்டில் கேட்டுக்கொண்டு வரச் சொன்னேன். மறுநாள் வந்து, "உன் செமஸ்டர் ஃபீஸ்ல சேந்துடுச்சு, வேற எங்க போகும்னு சொன்னாங்க மேம்" என்றாள். அந்த வாக்கியத்தை அவளே முடித்தாள்.

அன்று மாலை நானும் அம்மாவின் நோட்டை எடுத்தேன். ஒவ்வொரு குறிப்புக்குப் பக்கத்திலும் கோடு போட்டு மூன்று கட்டம் வரைந்தேன்: யார், எவ்வளவு நேரம், எவ்வளவு பணம். இப்போது அம்மாவுக்கு அஞ்சலகத்தில் அவர் பெயரில் மட்டும் ஒரு கணக்கு இருக்கிறது. 2016-க்குப் பிறகு நாங்கள் செய்த முதல் வேலை அது. பாட்டிலையும் அவர் விடவில்லை. முதல் கட்டத்தில் அவர் பெயரை எழுதிவிட்டு, "புடவையில போர்வை தைக்க எவ்ளோ நேரம் ஆச்சும்மா?" என்று கேட்டேன்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பேனாவைக் கொடு, நானே எழுதுறேன்" என்றார்.